கரூர் ஏற்றுமதி மிச்சத் துணி: ஜன்னல் ஸ்கிரீனுக்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அளவெடுக்கும் டேப் இல்லாமல் போகாதீர்கள். வெளிநாட்டு ஆர்டருக்கு நெய்து மீந்த ஸ்கிரீன் துணி, சோபாத் துணி, மேசை விரிப்புகள் கரூர்க் கடைகளில் குவிந்து கிடக்கும். டிசைன்கள் அருமை, அதே டிசைன் மறுமுறை கிடைக்காது என்பதுதான் சிக்கல். தேவையானதை ஒரே முறையில் எடுங்கள்.

4 அடி அகலம், 5 அடி உயர ஜன்னலுக்குக் கணக்கு இது: சுருக்கம் அழகாக விழ இரண்டு மடங்கு அகலம், அதாவது 96 அங்குலம். 54 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) இரண்டு துண்டு போதும். ஒவ்வொன்றும் உயரம் 60, மேல் கீழ் மடிப்புக்கு 12, நனைத்தால் சுருங்குவதற்கு 3, ஆக 75 அங்குலம். பெரிய பூ டிசைன் என்றால் இரு துண்டிலும் பூ நேராக வர, அதே பூ மறுபடி வரும் இடைவெளி அளவு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது 24 அங்குலமானால் மொத்தம் 174 அங்குலம், அதாவது சுமார் நாலரை மீட்டர்.

கழிவு விலைக்குக் காரணம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அறுந்த இழை தெரியும். இரண்டு ரோலில் வெட்டினால் நிறம் மாறக்கூடும். பகல் ஒளியில் ஒப்பிடுங்கள். ஈரக் கைக்குட்டையால் தேய்த்தால் சாயம் போவது அங்கேயே அம்பலம். பருத்தியை நனைத்துக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். லைனிங் துணியையும்தான், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.