பணக்காரர்களின் புக்கியா, பங்குச் சந்தைப் பெருநிறுவனமா? பந்தயத் தொழிலில் எங்கே பணம் போடலாம்

பிரிட்டனில் பந்தயத் தொழிலில் பணம் போட நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. பங்குச் சந்தையில் இருக்கும் பெருநிறுவனத்தின் பங்கை வாங்கலாம். குதிரைப் பந்தய மைதானத்தில் புக்கி, அதாவது பந்தயப் பணம் வாங்கி ஜெயித்தவருக்குக் கொடுப்பவர், நிற்கும் இடத்தை விலைக்கு வாங்கலாம். அல்லது, சில நூறு வசதியான வாடிக்கையாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் பந்தயம் எடுக்கும் சிறு நிறுவனத்தில் பங்கு சேரலாம். லண்டன் மேஃபேரில் கிளப் வைத்திருக்கும் ஃபிட்ஸ்டேர்ஸ் இந்த மூன்றாவது ரகத்துக்குப் பலரும் சொல்லும் உதாரணம். நான் சேர்ந்தது அதில் அல்ல, அதைவிட மிகச் சிறிய ஒன்றில். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைத்துப் பயனில்லை. சூதாட்டக் காசு வீட்டுக்கு ஆகுமா என்ற கேள்வியும் உண்டு. என் மனைவி அந்தப் பங்கைப் பற்றிப் பேசவே மாட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் கணக்கை மட்டும் பேசுகிறேன்.

மைதான இடத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முன்பெல்லாம் அது குடும்பத்துக்குள்ளேயே கைமாறும். 1998 முதல் ஏலத்தில் யாரும் வாங்கலாம் என்று ஆனது. ஆனால் வாங்குவது முதலீட்டை அல்ல, ஒரு வேலையை. மழையிலும் குளிரிலும் நீங்களோ உங்கள் ஆளோ பலகையோடு நிற்க வேண்டும். 1996 செப்டம்பரில் ஆஸ்காட் மைதானத்தில் ஃபிராங்கி டெட்டோரி என்ற ஜாக்கி ஒரே நாளில் ஏழு பந்தயங்களையும் வென்றபோது, ஏழாவது குதிரை ஜெயிக்காது என்று நம்பி நின்ற கேரி வில்ட்ஷயர் என்ற புக்கி பல லட்சம் பவுண்டு இழந்தார். தனி ஆளின் முதல் அப்படித்தான் போகும்.

பெருநிறுவனப் பங்கின் நல்ல பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. வேண்டாம் என்றால் ஒரு நிமிடத்தில் விற்றுவிடலாம். லட்சக்கணக்கான சிறு பந்தயங்கள் சேரும்போது ஒருவர் ஜெயிப்பதால் நிறுவனம் ஆடாது. அந்தப் பெரிய வலைக்குள்ளேயே பணக்காரர் பிரிவு ஒன்று ஒளிந்திருக்கும் என்பது பலர் கவனிக்காத பக்கம். 2023 ஜனவரியில், வில்லியம் ஹில் என்ற பழைய பந்தய நிறுவனத்தை வாங்கியிருந்த 888 என்ற இணையச் சூதாட்ட நிறுவனம், மத்தியக் கிழக்கில் தன் விஐபி கணக்குகளை நிறுத்திவைத்தது. வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்ற சோதனைகள் அங்கே ஒழுங்காக நடக்கவில்லை என்று உள் ஆய்வில் தெரிந்ததுதான் காரணம். தலைமை நிர்வாகி விலகினார், பங்கு விலை ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அந்தப் பங்கை வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் விஐபி புக்கியும் நடத்துகிறோம் என்பது தெரிந்திருக்கும்?

நான் முடிவெடுத்தது இந்தச் சோதனை விஷயத்தை வைத்துத்தான். புக்கி தொழிலில் பராமரிப்புச் செலவு என்றால் கடை வாடகையும் கணினியும் மட்டும் இல்லை. வாடிக்கையாளரைத் தெரிந்துவைத்திருக்க ஆகும் செலவும் சேர்ந்ததுதான். 2025 பிப்ரவரி கடைசியிலிருந்து, ஒருவர் தன் பந்தயக் கணக்கில் 30 நாளில் நிகரமாக 150 பவுண்டுக்கு மேல் போட்டாலே அவர் பணக் கஷ்டத்தில் இருக்கிறாரா என்று பொதுப் பதிவுகளில் பார்த்தாக வேண்டும். இந்த முதல் படி கணினியே செய்வது, மலிவு. காசைத் தின்பது அடுத்த படி. ஒரு ஊழியர் உட்கார்ந்து வங்கி அறிக்கையைப் படித்து, வாடிக்கையாளரை அழைத்துப் பேசி, என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். வாடிக்கையாளர் 300 பவுண்டு தோற்பவரானாலும் 3 லட்சம் தோற்பவரானாலும் அந்த ஊழியருக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். கூட்டம் பெருகப் பெருக யாராவது ஒருவர் கண்ணில் படாமல் நழுவுவார். 2023 மார்ச்சில் வில்லியம் ஹில் குழுமம் 1.92 கோடி பவுண்டு கட்ட நேர்ந்த வழக்கில், புதிதாகக் கணக்குத் திறந்த ஒருவர் எந்தச் சோதனையும் இல்லாமல் 20 நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழித்திருந்தார்.

சிறு புக்கியில் வரிசை தலைகீழ். கோப்பு நிறைந்த பிறகுதான் கணக்கே திறக்கும். பெரும்பாலும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அறிமுகப்படுத்துவார், அவருடைய கணக்காளர் கடிதம் தருவார், சொத்து எங்கிருந்து வந்தது என்று பதிவாகும். பெரிய நிறுவனம் அதே ஆளிடம் பாதி ஆட்டத்தில் வங்கி அறிக்கை கேட்டால் அவர் கோபித்துக்கொண்டு உரிமம் இல்லாத இடத்துக்குப் போய்விடுகிறார். இங்கே முதல் நாளே கேட்டுவிடுவதால் பேச்சு முடிந்தது. தொழிலால் நான் கணக்காளன் என்பதால் லாப நட்டக் கணக்குக்கு முன்பே இந்தக் கோப்புகளைத்தான் கேட்டேன். பெயர்களை மறைத்துக் காட்டினார்கள். தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, குறிப்பு எழுதியவர் ஒருவரா பலரா, முக்கியமாக, ‘உங்களுக்குக் கணக்கு தர முடியாது’ என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பாத புக்கி சோதனை செய்யவில்லை, சடங்கு செய்கிறார் என்று அர்த்தம். வாங்க நினைப்பவர் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள்.

வரியும் சின்னவர் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அவர் குதிரையோடு நின்றால் மட்டும். 2025 நவம்பர் பட்ஜெட் அறிவிப்பின்படி, இணையக் கேசினோ வரி 2026 ஏப்ரலில் 21 சதவீதத்திலிருந்து 40 ஆகிறது. இணையத்திலும் தொலைபேசியிலும் எடுக்கும் பந்தயங்களுக்கான வரி 2027 ஏப்ரலில் 15-லிருந்து 25 ஆகிறது, பிரிட்டன் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் 15-லேயே நிற்கிறது. இதைச் சலுகை என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். குதிரைப் பந்தய லாபத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்டதில் 10 சதவீதம் தனியாக அந்தத் துறைக்குப் போகிறது. என்றாலும் கேசினோவை நம்பி ஓடும் பெருநிறுவனத்துக்கு விழும் அடி இவருக்கு விழாது. விற்க வருகிற சிறு நிறுவனத்தின் வருமானத்தில் கேசினோ எவ்வளவு என்று தனியாகப் பிரித்துக் கேளுங்கள். ‘எங்களுடையது குதிரைக்காரர்கள் கூட்டம்’ என்று பேச்சில் சொல்லிவிட்டு, வருமானத்தில் பாதியை ரூலெட் என்ற கேசினோ ஆட்டத்தில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடன் கணக்கு இன்னொரு விஷயம். இந்த ரகப் புக்கிகளில் சிலர் முன்பணம் கேட்காமல் மாதக் கடைசியில் தீர்த்துக்கொள்வார்கள். 2007 செப்டம்பர் வரை சூதாட்டக் கடனை நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது, அது வெறும் மானக் கடன். இப்போது வழக்குப் போடலாம். போட்டால் மற்ற வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால் யாரும் லேசில் போடுவதில்லை. 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருப்பதை வராக் கடன் என்றே நான் கணக்கில் எடுத்தேன். விற்றவருக்கு அது பிடிக்கவில்லை.

லாபம் சீராக வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பெரிய பந்தயத்தில் ஒரு பகுதியை, ஆட்கள் ஒருவருக்கொருவர் எதிராகப் பந்தயம் கட்டும் பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச் என்ற இணையச் சந்தையில் தள்ளிவிட்டு ஆபத்தைக் குறைப்பார்கள்தான். அப்படியும் மார்ச் மாதம் நடக்கும் செல்டன்ஹாம் குதிரைப் பந்தய விழாவின் நான்கு நாளில் மூன்று வாடிக்கையாளர்கள் கை ஓங்கினால் அந்தக் காலாண்டு போச்சு.

திரும்ப விற்பதைப் பற்றி என் அனுபவம் மெல்லியது. இன்னும் நான் விற்கவில்லை. தெரிந்த ஒரு பழைய கதை இருக்கிறது. பெரும் பந்தயக்காரர்களின் புக்கியாகப் பெயரெடுத்த விக்டர் சாண்ட்லர் 1999-ல் வரிக்குத் தப்பி ஜிப்ரால்டருக்குப் போனார். மற்றவர்களும் பின்னால் கிளம்ப, 2001 அக்டோபரில் பந்தயக்காரர் தலையில் விழுந்த வரியையே அரசு நீக்க வேண்டியதாயிற்று. அந்த நிறுவனம் 2014-ல் மைக்கேல் டேபர் என்ற தொழிலதிபர் கைக்குப் போனபோது அது பெட்விக்டர் என்ற வெகுஜன இணையதளம். சின்னதாகவே இருந்திருந்தால் அந்த விலை கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர்கள் நம்புவது பெயர்ப் பலகையை அல்ல, தொலைபேசியை எடுக்கும் ஆளை. அந்த ஆள் போனால் பாதிப் பேர் கூடவே போய்விடுவார்கள். இன்னொரு தடை, 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வாங்கி ஒருவர் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் பங்குதாரர் ஆனால் ஐந்து வாரத்துக்குள் நிறுவனம் சூதாட்ட ஆணையத்திடம் விண்ணப்பித்து, அவருடைய பணத்தின் மூலத்தைக் காட்ட வேண்டும். வாங்க வருபவர்களின் எண்ணிக்கை அதிலேயே குறைந்துவிடும். நான் 10-க்குக் கீழே நின்றேன்.

ஆகவே ஐந்து வருஷத்துக்குள் அந்தப் பணம் தேவைப்படும் என்றால் பெருநிறுவனப் பங்குக்கே போங்கள். அப்படி இல்லாமல் சின்னதில் சேர்வதென்றால் ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்துகள் வேண்டும். நிறுவனர் தன் பங்கை விற்றால் அதே விலைக்கு உங்கள் பங்கையும் விற்கும் உரிமை ஒன்று. தொலைபேசி எடுக்கும் அந்த ஆள் சில வருஷங்களுக்கு வெளியே போய்ப் போட்டிக் கடை போடாமல் இருப்பது இன்னொன்று. விலையைப் பொறுத்தவரை, அவர்கள் மிக நல்ல ஒரு வருஷ லாபத்தைக் காட்டித்தான் கேட்பார்கள். நஷ்ட வருஷமும் உள்ளே வரும்படி ஐந்து வருஷச் சராசரிக்குப் பேசுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.