ரிசர்வ் சைட்டை வீட்டுமனை என்று எங்களுக்கு விற்றுவிட்டார்கள்

கோவையைச் சுற்றி 1980, 90-களில் போட்ட லே அவுட்டுகளில் இன்று காலி சைட் கிடைப்பது அரிது. அப்படி ஒன்றை, சுற்றிலும் வீடுகள் இருக்கிற இடத்தில், கொஞ்சம் விலை குறைத்து யாராவது காட்டினால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 26 லட்சம் கொடுத்து வாங்கியது, பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம்.

2021 மார்ச்சில் வாங்கினோம். 4 சென்ட், சென்ட் ஆறரை லட்சம். என் வீட்டுக்காரர் மில்லில் ஓய்வு பெற்றபோது வந்த பணம், என் நகை, மகன் அனுப்பியது எல்லாம் அதில் போனது. கடன் வாங்காமல் வாங்குகிறோம் என்று சந்தோஷப்பட்டோம். வங்கிக்குப் போயிருந்தால் அவர்களுடைய வக்கீல் பழைய காகிதங்களைத் தோண்டியிருப்பார், விஷயம் அங்கேயே வெளியில் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

புரோக்கர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பட்டா இருக்குதுங்க அக்கா, ஈசி சுத்தமா இருக்குதுங்க, டிடிசிபி அப்ரூவ்டு லே அவுட்டுங்க. இன்னும் என்னங்க பார்க்கணும்?" ஈசி என்றால் வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். டிடிசிபி என்றால் லே அவுட்டுக்கு அனுமதி தருகிற நகர் ஊரமைப்புத் துறை. அவர் சொன்ன மூன்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

நடந்தது இதுதான். பெரிய லே அவுட் போடும்போது, சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொது உபயோகத்துக்கு விட வேண்டும். இதைத்தான் எங்கள் பக்கம் ரிசர்வ் சைட் என்கிறோம். அந்த இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இந்த லே அவுட்டின் சொந்தக்காரரும் 1988-ல் முறையாக எழுதிப் பதிவும் செய்திருக்கிறார். ஆனால் பட்டா மட்டும் மாறாமல் அவர் பெயரிலேயே கிடந்திருக்கிறது. அவர் காலமான பிறகு பிள்ளைகள் வாரிசுச் சான்று கொடுத்துப் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றினார்கள். இடத்தை அளந்து சர்வே எண்ணில் புது உட்பிரிவு எண்ணும் வாங்கினார்கள். அப்புறம் தங்கள் சார்பில் விற்க ஒருவருக்குப் பவர், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பவர் ஏஜென்ட்தான் பூங்காவை நான்காகப் பிரித்து விற்றவர்.

எங்களிடம் காட்டிய வில்லங்கச் சான்று 13 வருடத்துக்கு, அதுவும் புது உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் போட்டது. 1988 தானப் பத்திரமோ பழைய சர்வே எண்ணில் இருக்கிறது. அது எப்படி இதில் வரும்? லீகல் ஒப்பீனியன் கொடுத்த வக்கீலையும் புரோக்கரே பிடித்துத் தந்தார். புரோக்கர் கொடுத்த காகிதங்களை வைத்தே அந்த வக்கீல் ஒப்பீனியன் எழுதினார். விற்பவரின் ஆள் கூட்டி வருகிற வக்கீலிடம் ஒருபோதும் போகாதீர்கள்.

2023 ஜூனில் போர்வெல் போட வண்டி வந்தபோது தெருக்காரர்கள் வந்து மறித்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் கோபப்படாமல் பேசினார். "அம்மிணி, இது ரிசர்வ் சைட்டுங்க. நாங்க இடம் வாங்குனப்பவே மேப்புல பார்க்குன்னு போட்டிருந்துது" என்று சொல்லி, வீட்டுக்குப் போய்த் தன் பத்திரக் கட்டிலிருந்து வரைபடத்தை எடுத்து வந்தார். எங்களிடம் தந்த ஜெராக்ஸும் அதே வரைபடம்தான். அவருடையதில் 'பூங்கா' என்று இருந்த கட்டத்துக்குள், எங்களுடையதில் கோடு போட்டு 41ஏ, 41பி, 41சி, 41டி என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பதிவு ஆகியிருக்கிறதே, அரசாங்கமே முத்திரை குத்தியிருக்கிறதே என்று நானும் வாதாடினேன். பதிவு என்பது உரிமைக்குச் சான்று அல்ல. எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்த தீர்ப்பில் சொன்னது. பட்டாவும் வருவாய்த்துறைக் கணக்குக்கானதே தவிர, அது மட்டும் உரிமையைத் தந்துவிடாது. ஏதாவது பணம் கட்டி இதை மனையாக மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பார்த்தோம். வழியில்லை. பெங்களூருவில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கியதையே 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தெருக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பூங்கா அவர்களுடையது.

இனி சொல்வதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. 26 லட்சம் கொடுத்தோம், பத்திரத்தில் இருப்பது அரசு வைத்த வழிகாட்டி மதிப்பான 11 லட்சம். "எல்லாரும் இப்படித்தானுங்க எழுதறாங்க" என்றார்கள், சரி என்றோம். மீதி 15 லட்சம் ரொக்கமாகப் போனது. விற்றவருக்கு உரிமை இல்லை என்றால் வாங்கியவர் அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. "வில்லங்கம் ஏதும் ஏற்பட்டால் முன்னின்று தீர்த்துக் கொடுப்போம்" என்று பத்திரத்திலும் எழுதியிருக்கிறது. ஆனால் எந்தத் தொகையைக் கேட்பது? எங்கள் வக்கீல் முதலில் கேட்டதே "15 லட்சத்துக்கு என்ன ஆதாரம்?" என்றுதான். 2015 ஜூன் முதல், நிலம் வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. அது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக அன்றைக்கு 11 சதவீதம், 1,21,000 ரூபாய் கட்டினோம், அது தனி.

வாரிசுகளைப் போய்ப் பார்த்தோம். பவர் ஏஜென்ட் எல்லாப் பணத்தையும் எடுத்துக்கொண்டார், எங்களுக்குக் கொஞ்சம்தான் வந்தது என்றார்கள். பவர் கொடுத்தவர்களும் பொறுப்புதான் என்று வக்கீல் சொல்லி, எல்லோரையும் சேர்த்து சிவில் வழக்கு போட்டிருக்கிறார். நீதிமன்றக் கட்டணமே கேட்கும் தொகையில் 3 சதவீதம். போலீஸிலும் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம்.

பழைய லே அவுட்டில் இடம் பார்க்கிறவர்கள், அங்கீகரித்த வரைபடத்தின் சான்றிட்ட நகலை நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ உள்ளாட்சியிலோ நீங்களே வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டாலும் கேட்கலாம். விற்பவர் தரும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். மனை எண்ணில் ஏ, பி என்று வால் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வில்லங்கத்தை லே அவுட் போட்ட வருடத்துக்கும் முன்னாலிருந்து, பழைய சர்வே எண், புது எண் இரண்டுக்கும் போடுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இந்த இடம் இத்தனை வருடம் ஏன் காலியாகக் கிடக்கிறது?" என்று கேளுங்கள். நாங்கள் அன்றைக்கு அந்தப் பெரியவர் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்தினோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வழக்கு நடக்கிறது. புரோக்கர் இப்போது ஊருக்கு வேறொரு பக்கத்தில் பழைய லே அவுட் சைட்டுகளைக் காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.