ஹட்டன் அச்சகம்: அச்சு நன்று, மாதிரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்

எங்கள் தோட்டத்து இளைஞர் கழக விளையாட்டு விழாவுக்குச் சான்றிதழ்களையும் ஒரு பதாகையையும் ஹட்டனில், படியேறிப் போகவேண்டிய ஓர் அச்சகத்தில் செய்வித்தோம். பெயரைச் சொல்லி யார் பிழைப்பையும் கெடுக்க விரும்பவில்லை. வேலை அருமை. தடித்த அட்டை, இந்த மழையிலும் சுருளவில்லை. எழுத்துகளும் ஒழுங்காக விழுந்திருந்தன. மலையகத்துப் பதாகைகளில் பாதியில் கொம்புகள் எழுத்தை விட்டுத் தனியே ஊர்வலம் போகும், இங்கே அப்படி இல்லை. சான்றிதழ் ஒன்று 80 ரூபாய்.

குறை மாதிரியில்தான். திரையில் காட்டிய சான்றிதழின் உச்சியில் அரச இலச்சினை இருந்தது! வாளேந்திய சிங்கம், தர்மச் சக்கரம், நெற்கதிர், சூரிய சந்திரர், ஒன்றும் குறையவில்லை. யாரும் கேட்காமலே போட்டிருந்தார்கள்.

"நம் கழகம் எப்போது அரசாங்கத் திணைக்களம் ஆனது, தம்பி?" என்றேன்.

"அது இருந்தால்தான் ஐயா, சான்றிதழுக்கு மதிப்பு. பதிப்புரிமை இல்லாத படம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது" என்றார்.

கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவனிடமா இந்தக் கதை? ஐக்கிய அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் கடமையின் பேரில் செய்யும் ஆக்கத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது, உண்மைதான். ஆனால் அரசே அங்கீகரித்தது போல மயக்கம் தரும்படி அந்நாட்டுப் பேரிலச்சினையை எடுத்து ஒட்டினால் அங்கேயே அது குற்றம். நம்முடைய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமையிலிருந்து விலக்குவது சட்ட, நிர்வாக, நீதி சார்ந்த உத்தியோகபூர்வ எழுத்துகளை. சிங்கம் எழுத்தில்லையே! ஒரு நாட்டின் இலச்சினையை அனுமதியின்றி வியாபாரக் குறியாகப் பதியவும் பாரிஸ் சமவாயம் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் இடங்கொடுப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே மேசையில் ஒரு தேயிலைப் பொதியின் லேபிள் கிடந்தது. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையை அதில் போடச் சொன்னவரிடம், சபையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் அச்சடிக்க முடியாது என்று இதே தம்பிதான் சொல்லியனுப்பினாராம். சரியான பேச்சு. முழுக்க இலங்கைத் தேயிலையே உள்ள, இலங்கையிலேயே அடைத்த நுகர்வோர் பொதிகளுக்கு மட்டும் உரியது அந்த இலச்சினை. சபையின் சிங்கத்துக்குப் பயப்படுகிறவருக்கு அரசின் சிங்கம் மட்டும் இளக்காரமா?

சொன்னதும் முகம் சுளிக்காமல் நீக்கிவிட்டார். அந்த இடத்தில் கழகத்துக்கென்று இரண்டு இலையும் ஒரு மொட்டும், கீழே ஒரு கரப்பந்துமாகப் புதிதாகச் சின்னம் வரைந்து கொடுத்தார். மேலதிகமாகக் காசு வாங்கவில்லை. போகிறவர்கள் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிடாமல், மாதிரியைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். புதுச் சின்னத்தின் உரிமை கழகத்துக்கே என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினேன்.