வாக்குத்தத்தப் பெட்டி: தியானத்துக்குச் சரி, தீர்மானத்துக்கு?

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டைப் பெட்டி, அதாவது கடவுள் தரும் வாக்குறுதியாகப் பைபிள் வசனங்களை அச்சிட்ட அட்டைகள் கொண்ட பெட்டி, காலைத் தியானத்துக்கு நல்ல துணை. வேலையை விடலாமா, இந்த வரனுக்குச் சம்மதிக்கலாமா என்று கேட்டு அட்டையை உருவினால்தான் வம்பு. அட்டையில் இருப்பது ஒற்றை வசனம்; முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11 வந்துவிட்டால் உடனே பச்சைக்கொடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம்; அவர்கள் ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று முந்தின வசனமே சொல்கிறது! பிடித்த அட்டை வரும்வரை திரும்பத் திரும்ப உருவுவது இன்னும் மோசம், அது குலுக்கல் சீட்டு.

அட்டை வந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். யாக்கோபு 1:5 சொல்கிறபடி ஞானத்தைக் கேட்டு ஜெபியுங்கள். நீதிமொழிகள் 15:22 ஆலோசனைக்காரர் பலர் வேண்டும் என்கிறது. உங்களுக்கு ஒத்து ஊதாத இரண்டு பேரிடமாவது பேசுங்கள். வசன எண் அச்சிடாத பெட்டியா? கடையிலேயே வைத்துவிடுங்கள்.