மூன்று மழைக்காலம் ஓட்டியபின்: ஹோண்டா பயனியர் 1000, ஈரக்காட்டுக்காக நான் மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

போன மாதம் என் வீட்டு வாசலில் வண்டியைச் சுற்றிவந்து பார்த்த நண்பர் முதலில் கேட்டதே, "என்ன அண்ணே, இவ்வளவு மழையில ஓட்டுறீங்க, ஸ்நார்க்கல் போடலையா?" என்பதுதான். ஆழத் தண்ணீரிலும் என்ஜின் மூச்சுவிட மேலே நீட்டும் குழாயைத்தான் கேட்கிறார். போடவில்லை. யோசித்துத்தான் வேண்டாம் என்று விட்டேன். ஏன் என்று சொல்லப்போனால் மூன்று மழைக்காலமாக இந்த வண்டிக்கு நான் செய்தது, செய்யாமல் விட்டது, தப்பாகச் செய்து பணத்தை விட்டது எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன், இங்கே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இந்த வண்டி வாங்க நினைக்கும் நம்மவர்கள் சிலராவது இருக்கிறார்கள்.

வண்டி ஹோண்டா பயனியர் 1000, ஒரே வரிசையில் மூன்று பேர் உட்காரும் மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இது சைட்-பை-சைட் என்ற வகை, பார்க்காதவர்களுக்கு: ஜீப்புக்கும் நாலு சக்கர ஏடிவிக்கும் (பைக் மாதிரி கைப்பிடி வைத்த காட்டு வண்டி) நடுவில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் உண்டு, சீட் பெல்ட் உண்டு, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு உண்டு, கண்ணாடி ஜன்னல் கிடையாது. இதில் 999 சிசி இரட்டை சிலிண்டர் என்ஜின், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி, எடை 700 கிலோ பக்கம். முதலில் 2016 மாடலாக வந்தது. மணல்மேட்டில் பறக்கிற விளையாட்டு வண்டி இல்லை இது, அடிப்படையில் வேலை செய்கிற வண்டி.

ஓட்டுவது பெரும்பாலும் டில்லமூக் அரசுக் காட்டில், பிரவுன்ஸ் கேம்ப் பக்கம். போர்ட்லாந்திலிருந்து கடற்கரைக்குப் போகும் 6-ஆம் நெடுஞ்சாலையில் வரும். 1933, 1939, 1945, 1951 என்று ஆறு வருடத்துக்கு ஒரு முறை எரிந்து சாம்பலான காடு அது, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து 7 கோடிக்கும் மேல் கன்று நட்டு மீட்டெடுத்தார்கள், 1973-இல் டில்லமூக் என்று பெயர் வைத்தார்கள். இன்று அங்கே டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு நடுவில் ஓட்டும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சரி, வண்டிக்கு வருகிறேன். இந்தக் காடு இருக்கும் கோஸ்ட் ரேஞ்ச் மலையில் ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் வசந்தம் வரை. கோடையில் கல் மாதிரி இருக்கும் களிமண் அப்போது சோப்பு மாதிரி ஆகிவிடும், அதற்கு மேல் பாசி பிடித்த வேர், எரிமலைப் பாறை. ஆனால் ஆழமான தண்ணீர் இல்லை, இதுதான் முக்கியம். ஓடைகள் சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்கள் முட்டையிடும் இடம், அதற்குள் வண்டியை விடக் கூடாது, பாலத்தில்தான் கடக்க வேண்டும். சேறு கரைந்து ஓடைக்குப் போகும் அளவுக்கு மழை அடித்தால் பாதைகளையே மூடிவிடுவதும் உண்டு. ஆக எனக்கு வேண்டியது நீந்தும் வண்டி இல்லை, நாள் முழுக்க நனைந்துகொண்டே ஓடும் வண்டி.

இதற்கு முன்னால் வைத்திருந்தது பெல்ட் வண்டி, கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகை வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை அப்படித்தான்: இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு ரப்பர் பெல்ட், கப்பியின் தட்டுகள் நெருங்கியும் விலகியும் வேகத்துக்கு ஏற்றபடி விகிதத்தை மாற்றும். உலர்ந்த பாதையில் அருமையான ஏற்பாடு, ஓட்டுவதற்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் அந்தப் பெல்ட் பிடித்திழுப்பது வெறும் உராய்வில்தானே, உள்ளே ஒரு கை தண்ணீர் போனால் போதும், என்ஜின் கத்தும், வண்டி நகராது. ஒரு டிசம்பர் சாயங்காலம் செங்குத்தான ஏற்றத்தில் எனக்கு அதுதான் நடந்தது. மூடியின் வடிகால் திருகைக் கழற்றித் தண்ணீரை விட்டு, நியூட்ரலில் வைத்து என்ஜினைக் கொஞ்ச நேரம் ஏற்றி இறக்கிப் பெல்ட்டை உலர்த்திய பிறகுதான் கிளம்ப முடிந்தது, அதற்குள் இருட்டிவிட்டது. வழுக்கிய இடத்தில் பெல்ட் கருகிக் கண்ணாடி மாதிரி பளபளப்பாகிவிட்டது, அடுத்த மாதமே புதிது மாற்றினேன்.

பயனியர் 1000-இல் பெல்ட்டே இல்லை. ஆறு கியர் கொண்ட டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ், கிளட்ச் தட்டுகள் என்ஜின் எண்ணெயிலேயே ஊறியிருக்கும். வெளித் தண்ணீர் வழுக்க வைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நான் இதை வாங்கியதற்கு இது ஒன்றே காரணம், மூன்று வருடத்தில் ஒரு நாளும் அந்த முடிவு தவறென்று தோன்றவில்லை. இன்னொரு லாபம் வாங்கிய பிறகுதான் புரிந்தது, இறக்கத்தில். ஈரக் களிமண் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். இதில் லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) போட்டு, ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்சால் முதல் கியருக்கு இறக்கிவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நாலு சக்கரமும் உருண்டுகொண்டே மெதுவாக இறங்கும். மழையில் இறங்குவது எனக்குப் பயமில்லாமல் போனது இந்த வண்டியில்தான்.

இப்போது ஸ்நார்க்கல். என்ஜின் காற்றிழுக்கும் வாயை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய் அது, இடுப்பளவு சேற்றுக்குளத்தில் இறங்குபவர்களுக்கு அவசியம். எங்கள் பாதையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்தாலே அதிகம். இங்கே வண்டியைக் கெடுப்பது மேலிருந்து கொட்டுவதும் சக்கரம் வாரியடிப்பதும் நாள் முழுக்க ஊறுவதும். அந்தத் தண்ணீரும் சேறும் உள்ளே போவது பெரிய வாய் வழியாக இல்லை, சின்னச் சின்ன வழிகளில்: பிரீதர் குழாய், ஒயர் கனெக்டர், ஆக்சில் முனையின் ரப்பர் உறை, வீல் பேரிங். ஸ்நார்க்கலுக்கு ஆகும் காசில் இவை எல்லாவற்றையும் கவனித்துவிடலாம், நான் அதைத்தான் செய்தேன்.

பிரீதரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. டிஃபரன்ஷியல் பெட்டி (இடது, வலது சக்கரங்களுக்கு என்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஓட ஓடச் சூடாகும், உள்ளே காற்று விரியும், அது வெளியேற ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சட்டென்று சுருங்கி அதே குழாய் வழியாக வெளியில் இருப்பதை இழுக்கும், குழாயின் முனை தண்ணீரில் இருந்தால் தண்ணீரை இழுக்கும். முதல் குளிர்காலத்தில் முன்பக்கம் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார் உருளை) மாட்டும்போது நான் அந்தக் குழாயைத் தெரியாமல் பிடுங்கி விட்டிருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து எண்ணெயை இறக்கிப் பார்த்தால் பால் ஊற்றிய டீ நிறம். தண்ணீர் கலந்துவிட்டது. நல்லவேளை கியர் பல் எதுவும் போகவில்லை, புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி மறுபடி இறக்கி, மூன்றாவது முறைதான் நிறம் தெளிந்தது. அப்புறம் முன்னும் பின்னும் பிரீதர் குழாய்களை நீட்டி, கூண்டுக் கம்பியை ஒட்டித் தோள் உயரத்துக்குக் கொண்டுபோய், முனையைக் கீழ் நோக்கி வளைத்துக் கட்டினேன். மொத்தச் செலவு ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆவதுதான். மழையில் ஓட்டப்போகும் யாருக்கும் நான் சொல்லும் முதல் மாற்றம் இது. ஒயர் கனெக்டர்களையும் அதே வாரம் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) மெல்லிசாகத் தடவிப் பூட்டினேன். அள்ளி அப்ப வேண்டியதில்லை, ரப்பர் சீலில் கிரீஸ் படிந்தால் போதும்.

டயரில்தான் அதிகம் செலவானது, அதில் ஒரு முறை ஏமாந்தும் விட்டேன். சேறு என்றதும் ஆழமான கட்டை போட்ட மட் டயர் வாங்கினேன். ஆழச் சேற்றில் அது அள்ளித் தள்ளும்தான், ஆனால் எங்கள் பாதையில் சேறு இரண்டு அங்குலம், அதற்கடியில் வேரும் பாறையும். கட்டைக்குக் கட்டை இடைவெளி அதிகம் என்பதால் ஈர வேரின் மேல் தொடுகிற ரப்பரே குறைவு, வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் போனபோது என் மனைவி "போதுங்க, திரும்பிடலாம்" என்றாள். திரும்பிவிட்டோம். இப்போது போட்டிருப்பது மென்மையான ரப்பரில், நெருக்கமான கட்டைகளும் அதில் நுண்கீறல்களும் உள்ள 8 பிளை (8 அடுக்கு வலிமை) ரேடியல், 28 அங்குலம். கம்பெனி 27 அங்குலத்தோடு கொடுத்தது, ஒரே ஒரு அங்குலம்தான் ஏற்றினேன். 30 போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அங்குலமும் ஆக்சிலுக்கும் கிளட்ச்சுக்கும் கூடுதல் சுமை, லோ ரேஞ்சில் மெதுவாக ஊர்வதும் போய்விடும். காற்று 12 பிஎஸ்ஐ வைக்கிறேன்.

முன்கண்ணாடி விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. இணையத்தில் வாங்கிய முழு முன்கண்ணாடி, மலிவு, கீறல் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். ஒரே சீசனில் வைப்பர் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு, எதிர்வெயிலில் பாதை தெரியாது. கேட்டதற்குப் பதிலே வரவில்லை. இரண்டாவதாகக் கெட்டிப்பூச்சு உள்ள பாலிகார்பனேட் வாங்கினேன், இது நிற்கிறது. எந்தக் கண்ணாடியானாலும் காய்ந்த சேற்றைத் துணியால் துடைக்காதீர்கள், முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கரைத்து விடுங்கள். இன்னொன்று, முன்னால் மட்டும் முழுக் கண்ணாடி போட்டால் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, பின்சக்கரம் கிளப்பும் சேற்றுத் தூறலெல்லாம் பிடரியில் வந்து விழும். பின்பக்கமும் ஒரு தடுப்புப் போட்ட பிறகுதான் உள்ளே மனிதர் உட்கார முடிந்தது. கூரை, பின்தடுப்பு, சக்கரத்தின் மேல் அகலமான ஃபெண்டர், இந்த மூன்றும் இல்லாமல் இங்கே குளிர்காலத்தில் குழந்தைகளைக் கூட்டிப்போக மாட்டேன். விளக்கில் பெரிய செலவு செய்யவில்லை, மூடுபனிக்கு மஞ்சள் நிறத்தில் இரண்டு, தாழ்வாக. கூரையில் வைக்கும் வெள்ளை எல்இடி பட்டை பனியில் முகத்திலேயே திருப்பியடிக்கும்.

வின்ச்சில் சிந்தெடிக் கயிறுதான் வைத்திருக்கிறேன். அறுந்தால் இரும்புக் கம்பி மாதிரி பாய்ந்து வெட்டாது. ஆனால் மணல் இழைக்குள் புகுந்து உள்ளேயிருந்தே அறுக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் முழுக்க இழுத்துவிட்டு அலசிக் காயவைக்க வேண்டும். மரத்தில் கட்ட அகலப்பட்டை வைத்துக்கொள்ளுங்கள், கயிற்றை நேராகச் சுற்றினால் மரப்பட்டை உரிந்து மரம் செத்துப்போகும்.

பராமரிப்பில் நான் செய்த பெரிய தவறு பிரஷர் வாஷர். சேறு சீக்கிரம் போகிறதே என்று அடித்துக்கொண்டிருந்தேன், அந்த வேகத் தண்ணீர் சீலைத் தாண்டி வீல் பேரிங்குக்குள் புகுந்து, கிரீஸைக் கழுவி, துருவேற்றிவிட்டது. இரண்டாவது குளிர்காலத்தில் முன் இடது சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்றது. இப்போது தோட்டத்து ஹோஸ் மட்டும், பொறுமையாக, கீழிருந்து மேலாக. ரேடியேட்டரை எப்போதும் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி அலசுகிறேன், முன்னாலிருந்து அடித்தால் சேறு இதழ்களுக்குள் இன்னும் ஆழமாகப் போய் அடைக்கும், மழைநாளிலும் என்ஜின் சூடேறும். அடித்தட்டையும் வருடத்துக்கு இரண்டு முறை கழற்றுகிறேன். போன முறை அதற்கு மேலே இரண்டு வாளி சேறு இருந்தது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சட்டத்தைத் துருப்பிடிக்க வைப்பது அதுதான். கழுவியதும் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உள்ள இடமெல்லாம், பழைய கலங்கிய கிரீஸ் வெளியே வந்து புதுசு தெரியும்வரை அடிக்க வேண்டும். கழுவாமல் இன்னொரு காட்டுக்குப் போகக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது: தென்மேற்கு ஓரிகனில் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் மரங்களைக் கொல்லும் வேர்நோய் டயர் சேற்றோடுதான் இடம் மாறுகிறது.

பிரேக் பேடு இங்கே தின்பண்டம் மாதிரி தீரும். ஈரமணல் டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் உப்புத்தாள் வேலை செய்யும், இது எந்த வண்டிக்கும் பொது. சின்ட்டர்ட் பேடு (உலோகத்தூளை இறுக்கிச் செய்தது) போட்டபின் ஒரு சீசன் தாங்குகிறது. ஆக்சிலின் ரப்பர் உறைகளை வீடு வந்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பேன், சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் உறை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே மாற்றினால் உறையின் விலை, ஒரு மாதம் விட்டால் ஆக்சிலின் விலை.

டிசிடி வண்டி என்பதால் ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. என்ஜினும் கியர்பாக்ஸும் கிளட்ச்சும் ஒரே எண்ணெய், கிளட்ச்சை இயக்குவதும் அந்த எண்ணெயின் அழுத்தம்தான். என்ஜின் ஃபில்டரோடு கிளட்ச் ஃபில்டரும் தனியாக இருக்கிறது, வண்டியை எனக்கு விற்ற ஆளிடம் அதை எப்போது மாற்றினார் என்று கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பழையது வாங்குபவர்கள் முதல் வேலையாக இரண்டையும் மாற்றிவிடுங்கள். கார் எண்ணெய் ஊற்றாதீர்கள், அதிலுள்ள சில கலவைகள் எண்ணெயில் ஊறும் கிளட்ச்சை வழுக்க வைக்கும்.

வேகம் வேண்டுமென்றால், குதிக்க வேண்டுமென்றால் இந்த வண்டி வேண்டாம், அதற்கான சஸ்பென்ஷன் இதில் இல்லை. குறுகலான திருப்பத்தில் எடை தெரியும். ஈரக்காட்டில் மெதுவாகப் போய், மழைக்கு நடுவில் நின்று ஃபிளாஸ்க்கிலிருந்து காபி குடித்துவிட்டு, இருட்டுமுன் வீடு வந்து சேர வேண்டுமென்றால் இதைவிட நம்பும்படியான ஒன்றை நான் ஓட்டியதில்லை. நண்பர் அடுத்த சனிக்கிழமை வருகிறார், அவருடைய வண்டியின் பிரீதர் குழாய்களை நீட்டிக் கட்டப்போகிறோம், குழாயும் கிளிப்பும் நேற்றே வாங்கி வைத்துவிட்டேன்.