ஸ்டெர்ன்டிரைவ் கியர்: முன்கூட்டியே பார்ப்பதா, உடைந்தபின் மாற்றுவதா?

ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் படகுக்குள்ளும், புரொப்பல்லரைச் சுழற்றும் கியர்ப்பகுதி பின்பக்கம் வெளியேயும் இருக்கும் அமைப்பு) உள்ள படகு வைத்திருப்பவர்கள் மூன்று கட்சி. வருடம் ஒருமுறை டிரைவையே கழற்றி எல்லாவற்றையும் பார்ப்பவர்கள், ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுபவர்கள், சத்தம் வரும்வரை கையே வைக்காதவர்கள். மூன்றாவது கட்சிக்குச் செலவு குறைவு என்று தோன்றும், முதல் தடவை கியர் உடையும்வரை.

இன்ஜினின் சுழற்சி இந்த டிரைவுக்குள் இரண்டு இடத்தில் தொண்ணூறு டிகிரி திரும்புகிறது, மேலே ஒரு பெவல் கியர் (சாய்வாகப் பல் வெட்டிய கியர்) ஜோடி, கீழே இன்னொன்று. இத்தனையையும் காப்பாற்றுவது, பெரும்பாலான மாடல்களில், மூன்று லிட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில்தான். அதில் தண்ணீர் கலந்தால் முதலில் சாவது பல் இல்லை, பேரிங். படகு சும்மா நிற்கும் மாதங்களில் பேரிங்கில் துரு குழி விழும், அடுத்த சீசனில் அந்தப் பேரிங் கொஞ்சம் தளர்ந்து கியர் தன் இடத்தைவிட்டு நகரும், பற்கள் முழு அகலத்தில் உரசாமல் ஓரத்தில் மட்டும் சுமை தாங்கும், அப்புறம் ஒருநாள் முழு வேகத்தில் போகும்போது பல் தெறிக்கும். ‘திடீரென்று உடைந்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல கியர்களின் கதை இப்படித்தான் மாதக்கணக்கில் ஓடியிருக்கும்.

ஆயிலை மட்டும் பார்க்கிற இரண்டாவது வழியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், நேரத்துக்கும் பணத்துக்கும் அதிகப் பலன் தருவது அதுதான். நூறு மணி நேரம் ஓடியதும், அல்லது வருடம் ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். அதையும் படகு ஒரு இரவு அசையாமல் நின்றபிறகு செய்தால் நல்லது. கீழ் ப்ளக்கை மெதுவாகத் தளர்த்தினால், உள்ளே பிரிந்து நிற்கும் தண்ணீர் இருந்தால், எண்ணெயைவிடக் கனம் என்பதால் அதுதான் முதலில் சொட்டும். மொத்த ஆயிலும் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏற்கெனவே நன்றாகக் கலந்துவிட்டது. கறுத்து, தீய்ந்த வாசனை அடித்தால் சூடு அதிகமாகியிருக்கிறது. காந்த ப்ளக்கில் மையைப்போல ஒட்டும் நுண்ணிய பொடி சாதாரணம், விரலில் குத்துகிற சில்லு சாதாரணமில்லை, அதைப் பார்த்தபிறகு டிரைவைத் திறக்காமல் ஓட்டக்கூடாது.

ஊற்றும்போது கீழ்த்துளை வழியாக பம்ப் செய்து மேலே ஏற்ற வேண்டும், மேல் துளையில் குமிழி நின்று சுத்தமான ஆயில் வந்ததும் முதலில் மேல் ப்ளக், பிறகு சட்டென்று கீழ் ப்ளக். இரண்டுக்கும் புது வாஷர் போடுங்கள். பழைய நசுங்கிய வாஷரையே மறுபடி போட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று டிரைவ் முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு!

ஆனால் ஆயில் காட்டாத விஷயங்களும் இருக்கின்றன, முதல் கட்சி ஜெயிப்பது அங்கேதான். யூ-ஜாயின்ட்டை (டிரைவ் திரும்பும்போது வளைந்துகொடுக்கும் இணைப்பை) மூடியிருக்கும் ரப்பர் பெல்லோஸ் கிழிந்தால் ஆயில் பல நேரம் சுத்தமாகவே இருக்கும், தண்ணீர் போவது இன்ஜினிலிருந்து வரும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்குக்கும் யூ-ஜாயின்ட்டுக்கும். திருப்பும்போது பின்பக்கம் உறுமுகிற சத்தம் அதன் அடையாளம், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ரப்பர் என்பதால் படகே மூழ்கலாம் என்பது இன்னொரு சங்கதி. இதைப் பார்க்க டிரைவை இறக்கியே ஆகவேண்டும். மெர்க்குரூசர் பிராண்டின் ஆல்ஃபா மாடலென்றால் ஃபார்வர்டு கியரில் போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும், அதே பிராண்டின் பிராவோவென்றால் நியூட்ரல். ஆறு நட்டுதான், பயப்பட ஒன்றுமில்லை. கழற்றிய கையோடு, இன்ஜின் நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் கம்பியை கிம்பல் பேரிங் வழியாக இன்ஜின் முனையிலுள்ள கப்ளருக்குள் விட்டுப் பாருங்கள், இரண்டு விரலால் தள்ளினாலே போகவேண்டும், சுத்தியல் தேடுகிற நிலை வந்தால் இன்ஜின் மவுன்ட்டைச் சரிசெய்ய வேண்டும்.

புரொப்பல்லரையும் வருடத்தில் ஒரு தடவையாவது கழற்றுங்கள், தண்டில் சுற்றிக்கொண்ட மீன்பிடி நைலான், ஆயிலை அடைத்துவைக்கும் ரப்பர் சீலை அறுத்துவிடும். சந்தேகம் வந்தால் ஆயிலை வடித்துவிட்டுக் காற்றழுத்தம், வெற்றிடம் இரண்டாலும் சோதிக்கச் சொல்லுங்கள், ஒன்றில் பிடிக்கிற சீல் மற்றதில் கசியலாம். ஆனோடு (டிரைவுக்குப் பதில் தானே அரிபடும் உலோகத் துண்டு) பற்றி ஒரே வரி: உப்புத்தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம்.

கியர் வகையும் கணக்கில் வரும். ஆல்ஃபாவில் கியர் மாற்றுவது கீழ்ப்பகுதியில் உள்ள, பல்லோடு பல் மாட்டிப் பிடிக்கும் டாக் கிளட்ச், அதை மெதுவாக நோண்டி நோண்டிப் போட்டால் பல்முனை மழுங்கும், இன்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) இருக்கும்போது ஒரே அடியாகத் தள்ளுவதுதான் அதற்கு மரியாதை. ஷிஃப்ட் கேபிள் இறுகியிருந்தாலும் இதே கெடுதல். பிராவோவிலும் வால்வோ பென்டாவின் பல மாடல்களிலும் மேல்பகுதியில், கூம்பு உராய்ந்து பிடிக்கும் கோன் கிளட்ச், மென்மையாக விழும், ஆனால் தேய்ந்தால் வழுக்கும். சாதாரண ஓட்டத்துக்கு, ஒழுங்காகக் கேபிளைப் பராமரிப்பவருக்கு, ஆல்ஃபாவே போதும் என்பது என் கட்சி.

சரி, உடைந்தே விட்டது என்றால்? பழையதையே திறந்து புது கியர் செட் போடுவது எப்போது நியாயம் என்றால், டிரைவின் வெளிக்கூடு சேதமில்லாமல், பேரிங் சுழன்று அது உட்காரும் இடம் தேயாமல் இருந்தால் மட்டும். கியர் ஜோடியாகத்தான் வரும், ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்துப் பல்லிடைவெளியை டயல் கேஜில் அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அளக்காமல் ‘பழைய ஷிம்மையே போட்டுட்டேன், ஒண்ணும் ஆகாது’ என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஆல்ஃபாவில் மேலும் கீழும் ஒரே ஆயில் சுற்றுவதால் கீழே உடைந்த சில்லு மேலேயும் போயிருக்கும், பாதி மட்டும் ரிப்பேர் செய்வது அடுத்த பாதிக்கு முன்பதிவு.

புதுப்பித்த முழு டிரைவை பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. உத்தரவாதம் உண்டு, அளவு சரிபார்த்தது. ஆல்ஃபா போன்ற பரவலான மாடலுக்கு வேறு தயாரிப்பாளர்களின் நகல் டிரைவும் கிடைக்கும், விலையில் அசலைவிடக் குறைவு. பழைய சந்தையில் யாரோ கழற்றி விற்பது கடைசி வழி, அதிலும் கியர் ரேஷியோவை (புரொப்பல்லர் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதை) பார்க்காமல் வாங்கக்கூடாது. ஆல்ஃபாவில் 1.47, 1.62, 1.81, 1.94 என்று பல உண்டு, நான்கு சிலிண்டருக்கானதை வி-எட்டில் மாட்டினால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும். எந்த டிரைவை மாட்டினாலும் சரி, முன்னது ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்தபிறகே மாட்டுங்கள், டிரைவுக்கு ஆயில் ஊட்டும் பாட்டிலையும் அதன் குழாயையும் கழுவிவிட்டு, ஏனென்றால் பழைய தண்ணீர் கலந்த ஆயில் அங்கே தங்கியிருக்கும்.