ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை ஆராய: திட்டப் பணியா, முழுநேர பிஎச்.டி.யா?

உளவியலோ சமூகப்பணியோ மனித மேம்பாடோ முடித்துவிட்டு, பள்ளியில் புதிதாகச் சேரும் குழந்தைகளின் சமூக நலனை ஆராய நினைப்பவர்களுக்குச் சென்னையில் இரண்டு வழிகள் முன்னால் நிற்கின்றன. பேராசிரியர் ஒருவர் நிதி வாங்கி நடத்தும் திட்டத்தில் தொகுப்பூதியப் பணி. இல்லையென்றால் முழுநேர பிஎச்.டி. பலரும் மாதம் எவ்வளவு வரும் என்றுதான் ஒப்பிடுகிறார்கள். இந்தத் துறையில் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது நாட்காட்டி.

தமிழ்நாட்டில் பள்ளி திறப்பது ஆண்டுக்கு ஒரே முறை, ஜூனில். அங்கன்வாடியிலிருந்தோ யூகேஜியிலிருந்தோ ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையிடம் என்ன மாறியது என்று சொல்ல, போவதற்கு முன் ஓர் அளவீடு, போன பின் இரண்டு அளவீடு வேண்டும். மார்ச், ஏப்ரலில் முதல் சுற்று. காலாண்டுத் தேர்வுக்கு முன் இரண்டாவது. பொங்கல் முடிந்து மூன்றாவது. நவம்பர், டிசம்பரில் எந்தச் சுற்றையும் வைக்கக் கூடாது. மழை விடுமுறை விட்டால் அட்டவணை முழுக்கச் சரியும். ஆக, கையில் இருக்கும் வாய்ப்பு உங்களை மார்ச் முதல் அடுத்த பிப்ரவரி வரை களத்தில் வைத்திருக்குமா என்பதே முதல் கேள்வி.

திட்டப் பணியின் பெரிய பலம், கேள்வியும் கருவிகளும் ஏற்கெனவே தயாராக இருப்பது. சேர்ந்த மாதமே பள்ளிக்குப் போகலாம். ஆனால் 24 மாதத் திட்டம் என்று விளம்பரத்தில் இருந்தால் உங்களுக்கு 24 மாதம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நிதி ஒதுக்கிய நாளிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. ஆள் எடுக்கவே சில மாதங்கள் போய்விடும். முதல் தவணைப் பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் இரண்டாம் தவணை வராது. அப்போது சம்பளம் தாமதமாவதோடு, போக்குவரத்துச் செலவும் கைக்காசாகிவிடும். ஜூலையில் சேர்ந்து ஜூனில் முடியும் பதினொரு, பன்னிரண்டு மாதப் பணிகளும் உண்டு. அப்படிப்பட்ட பணியில் முதல் சுற்றை வேறொருவர் எடுத்திருப்பார். பள்ளியில் சேர்ந்த பிறகான பாதியை மட்டும் நீங்கள் பார்ப்பீர்கள்.

முழுநேர பிஎச்.டி.யில் கேள்வி உங்களுடையது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரையும் உண்டு. ஜேஆர்எஃப் (நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை) இருந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் ரூ. 37,000, பிறகு ரூ. 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஜேஆர்எஃப் இல்லாமல் சேர்ந்தால் பல இடங்களில் உதவித்தொகையே கிடையாது. இதை மூடி மறைத்துப் பேசிப் பயனில்லை. வீட்டுச் சூழல் இடம் கொடுக்காவிட்டால் திட்டப் பணியே சரி.

பிஎச்.டி.யிலும் ஜூனைக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஜூலையில் சேர்ந்தால் பாடத் தாள்கள் (குறைந்தது 12 கிரெடிட்), ஆய்வு முன்மொழிவு, நெறிமுறைக் குழு ஒப்புதல், பள்ளி அனுமதி எல்லாம் ஓட்டமாக ஓடினால் மார்ச்சுக்குள் முடியும். ஜனவரியில் சேர்ந்தால் வரும் ஜூன் போயிற்று. களம் அடுத்த ஆண்டுதான். அனுமதியும் ஒரே கதவில் கிடைக்காது. மாநகராட்சிப் பள்ளிக்கு மாநகராட்சிக் கல்வித் துறை, அங்கன்வாடிக்கு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், தனியார் பள்ளிக்கு அந்தந்த நிர்வாகம். இதில் எது தாமதமானாலும் முதல் சுற்று கைநழுவும்.

இனி, அன்றாட வேலை. இரண்டு வழியிலும் குழந்தையின் எதிரே உட்காரப்போவது நீங்கள்தான், அதனால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும். சக பிள்ளைகள் ஒரு குழந்தையை எவ்வளவு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அறிய, வகுப்பிலுள்ள எல்லோருடைய புகைப்பட அட்டைகளையும் மூன்று பெட்டிகளில் போடச் சொல்வார்கள்: சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், வாடிய முகம். முதலில் தின்பண்டப் படங்களை வைத்துப் பழக்க வேண்டும். பாகற்காயும் ஐஸ்கிரீமும் ஒரே பெட்டிக்குள் போனால் குழந்தைக்கு ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அட்டைகளை ஒவ்வொரு குழந்தைக்கும் கலைத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் சலிப்பின் மதிப்பெண்தான் கிடைக்கும். சாப்பாட்டு மணிக்கு முந்தைய பீரியட் வேண்டவே வேண்டாம். முடிந்ததும், எல்லாக் குழந்தைகளும் விரும்பும் ஒரு விளையாட்டில் உட்கார வைத்துவிட்டு வகுப்புக்கு அனுப்புங்கள். “உன்னை அங்கே போட்டேன்” என்ற பேச்சு வகுப்பறைக்குள் போய்விடக் கூடாது.

குழந்தையின் பலங்களையும் சிக்கல்களையும் கேட்டு ஆசிரியரிடம் கொடுக்கும் எஸ்டிக்யூ வினாத்தாளில் 25 கூற்றுகள், தமிழிலும் கிடைக்கிறது. அது கேட்பது கடந்த ஆறு மாதம் அல்லது இந்தக் கல்வியாண்டைப் பற்றி. பிள்ளையை இரண்டு வாரமே பார்த்த ஆசிரியரிடம் ஜூனில் நீட்டினால் ஊகம்தான் திரும்பி வரும். ஆகஸ்டு வரை பொறுக்கலாம்.

ஐந்து வயதுக் குழந்தை “போதும்” என்று எழுந்தால் அங்கே நிறுத்துவதுதான் ஆய்வு அறம். பெற்றோர் கையெழுத்து இருப்பதால் மட்டும் தொடரக் கூடாது. பேச்சினூடே பாலியல் துன்புறுத்தல் வெளிப்பட்டால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கே உண்டு. அதற்கான வழிமுறையை எழுதி வைக்காத திட்டத்தில், எவ்வளவு ஊதியம் தந்தாலும் சேர வேண்டாம்.

தொண்டு நிறுவன ஆய்வுப் பணியில் பள்ளி அனுமதி பெரும்பாலும் கையிலேயே இருக்கும். ஆனால் அங்கே அளப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் திட்டம் பலன் தந்ததா என்பதை, தரவும் நிறுவனத்துடையது. வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் முதலில் மொழியைப் பாருங்கள். இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்த பிள்ளைகள் செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பில் சேர்கிறார்கள். ஆங்கிலம் ஓரளவு கைகொடுக்கும். நார்வேயில் ஆறு வயதாகும் ஆண்டின் ஆகஸ்டில் சேரும் குழந்தையிடம் நார்வேஜிய மொழி தெரியாமல் நேர்காணல் எடுக்க முடியாது.

ஜேஆர்எஃப் கையில் இருந்தால் நேராக பிஎச்.டி.; இதில் தயங்க வேண்டியதில்லை. இல்லாதவர்கள், பிப்ரவரிக்குள் தொடங்கி இன்னும் பன்னிரண்டு மாதமாவது மிச்சமிருக்கும் திட்டப் பணியைப் பிடித்து, அந்த ஆண்டிலேயே நெட் எழுதுவது நல்லது. நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: நிதி முடியும் தேதி எது, நெறிமுறை ஒப்புதல் வந்துவிட்டதா, எந்தெந்தப் பள்ளிகள் அனுமதித்துவிட்டன, கட்டுரைகளில் ஆசிரியர் வரிசை எப்படி, பகுதிநேர பிஎச்.டி.க்குத் தடையின்மைச் சான்று தருவார்களா. திட்டத் தரவை உங்கள் ஆய்வேட்டில் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதலைப் பணியில் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.